ஹேண்டில்பாரை உயர்த்தும் வேலை

நெடுந்தூரம் போகும் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரின் முதுகும் தோளும் மணிக்கட்டும் எப்படி அமையும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது ஹேண்டில்பார். அது தாழ்ந்திருந்தால் உடல் முன்னே சாய்ந்து, மேலுடம்பின் எடை உள்ளங்கையில் இறங்கும். நேரம் ஆக ஆக விரல்கள் மரத்துப்போகும். உயர்ந்திருந்தால் முதுகு நிமிரும். ஆனால் அளவு மீறினால் எடை முழுவதும் இடுப்பில் விழும். பள்ளத்தின் அதிர்வு நேரே முதுகுத்தண்டில் ஏறும். எதிர்க்காற்று நெஞ்சில் அறையும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 60 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 90 கி.மீ. வேகத்தில் அது 2.25 மடங்காகும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சமவெளிச் சாலையும் மலைச் சாலையும் உண்டு. இரண்டு ஊர்களையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 சமவெளியில் ஓடுகிறது; அங்கே தொல்லை காற்றுதான். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைப் பாதையில் 70. அங்கே ஹேண்டிலை நிறையத் திருப்ப வேண்டும். திருப்பும்போது அதன் முனை முழங்காலிலோ டேங்கிலோ இடிக்கக் கூடாது.

தேர்வில் பார்க்க வேண்டியவை உயரம், அகலம், பின்வாட்டம், குழாயின் விட்டம். இந்திய வண்டிகளில் பெரும்பாலும் 22 மி.மீ. குழாய், சிலவற்றில் நடுப்பகுதி 28.6 மி.மீ. இருக்கும். அளவெடுக்கும் முறை எளியது. இருக்கையில் இயல்பாக உட்கார்ந்து, கண்ணை மூடி, முழங்கை சற்று மடங்கியிருக்கக் கையை நீட்ட வேண்டும். கை நிற்கும் இடத்துக்கும் கிரிப்புக்கும் உள்ள இடைவெளியை இன்னொருவர் அளந்தால், தேவையான உயரம் தெரிந்துவிடும். தேவை 20, 30 மி.மீ. தான் என்றால் ஹேண்டில்பாரையே மாற்ற வேண்டாம். அதன் அடியில் ரைசர் என்னும் உயர்த்தும் துண்டு வைத்தாலே போதும். முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அந்தச் சாய்வு 25 பாகையாக உள்ள வண்டியில் 30 மி.மீ. ரைசர் ஹேண்டிலைச் சுமார் 13 மி.மீ. ஓட்டுபவர் பக்கமும் கொண்டுவரும்.

உயர்த்தியபின் செய்யும் வேலையில்தான் மெக்கானிக்கின் திறமை தெரியும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் வயர் நான்குக்கும் நீளம் பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பும்போது எதுவும் விறைக்கவோ நசுங்கவோ கூடாது. இன்ஜின் ஓடும்போது திருப்பினால் அதன் வேகம் கூடக் கூடாது. கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். பிரேக் ஹோஸை மாற்றினால் புதிய செப்பு வாஷர் போட்டு, காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஸ்விட்ச் பெட்டியின் முள் உட்காரும் துளையைச் சரியான இடத்தில் போட வேண்டும். தவறிய துளைகள் குழாயைப் பலவீனப்படுத்தும். கிளாம்ப் போல்ட்டுகளை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கே டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும்.

லாரித் தொழிலும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் தொழிலும் வளர்ந்த இந்த வட்டாரத்தில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. ரைசரைக் கடைந்து தரும் கைத்திறன் இங்கே உண்டு. ஆனால் ஹேண்டில்பாரை வெட்டி, துண்டு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. வெல்டிங் ஓரத்தில் அதிர்வால் விரிசல் விட்டால், ஓட்டும்போதே ஹேண்டில் கையோடு வந்துவிடும். அந்த வேலையை மறுக்கும் தொழிலாளி வாடிக்கையாளரின் உயிரைக் காக்கிறார். அவரை மதிக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே, உற்பத்தியாளரே தன் வண்டிக்கென விற்கும் ஹேண்டில்பார் இருந்தால் அதையே முதலில் நாடலாம். ஐயம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தோற்றத்துக்காக உயரத்தைக் கூட்ட வேண்டாம். மணிக்கட்டின் வலியைப் போக்கும் மிகக் குறைந்த உயரமே சரியான உயரம். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்கும் சோதனை முடியாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.