வடுவும் வரட்டியும்

பிப்ரவரி 20

முதலமடைத் தோப்புகளில் பறிப்பு தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்கு முந்திக் காய்ப்பதால் இங்குள்ள அல்போன்சாவும் செந்தூரமும் பங்கனப்பள்ளியும் பெட்டி பெட்டியாக வடநாட்டுச் சந்தைக்குப் போகின்றன. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் லாரி ஓயவில்லை.

எங்கள் கொல்லையில் நிற்பது பெயரில்லாத நாட்டு மாமரம். மருந்து அடித்ததே கிடையாது. எண்டோசல்பான் பூச்சிமருந்து புழங்கிய வட்டாரம் இது; 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கத் தடை செய்தது. பிள்ளைகள் தின்பதற்கு இந்த மரத்துக் காயைத்தான் நம்புவேன்.

இன்று வடு பறித்தோம். காம்போடு கையால் பறித்தது மட்டும்தான் ஜாடிக்கு. கீழே விழுந்ததில் அடிபட்ட இடம் அழுகி, மற்றதையும் கெடுக்கும். கழுவித் துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் குலுக்கி வைத்தேன்.

பிப்ரவரி 25

ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, ஆனால் ஜாடியில் பாதிக்கு நீர். உப்பு காயின் நீரை இழுத்துவிட்டது, வடுவெல்லாம் சுருங்கியிருக்கிறது. இத்தனை உப்பில் கெடுக்கும் கிருமி பிழைக்காது. அந்த நீரிலேயே மிளகாயும் கடுகும் அரைத்துச் சேர்த்தேன். பச்சைத் தண்ணீர் பட்ட கரண்டி உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 16

விஷு முடிந்தது. மாம்பழத்தைப் பிழிந்து, பாயில் தடவி, காயக் காய மேலே இன்னொரு பூச்சு. மாந்தெர தயாராகிறது. வெயில் நன்றாக இருக்கிறது.

மே 18

இன்று பலாப்பழத்தில் சக்கவரட்டி. பலா கேரளத்தின் மாநிலப் பழம் என்று 2018-ல் அறிவித்தார்கள். இருந்தும் எத்தனை வீட்டுக் கொல்லைகளில் அது விழுந்து அழுகுகிறது! பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிரித்தோம். வருக்கையைச் சுளையாகவே தின்னலாம். வரட்டிக்குக் கூழன்தான் சரி, வெந்ததும் நாரோடு குழைந்துவிடும். வடிகட்டிய வெல்லப்பாகை உருளியில் ஊற்றி விழுதைச் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று கொதித்துக் கைமேல் தெறித்தது.

"தீயைக் குறைச்சுக்கோ கண்ணு, கரண்டிய மட்டும் நிறுத்தாத" என்றார் அத்தை.

அடிபிடித்தால் மொத்தமும் கரிந்த வாடை. நெய்யைச் சிறுகச் சிறுக விட்டுக் கிளறினேன். மஞ்சளாக இருந்தது தேன் நிறமாகி, பின் கருஞ்சிவப்பாகித் திரண்டது. கரண்டியால் கோடு கிழித்தால் உருளியின் அடி தெரிய வேண்டும்; கோடு உடனே மூடிக்கொண்டால் ஈரம் மிச்சம் இருக்கிறது, பூஞ்சை வரும். நெல்லியாம்பதி அரசுத் தோட்டத்து ஜாமும் ஸ்குவாஷும் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் இந்த மணம் விலைக்கு வாங்குவதில் இல்லை.

மே 19

நன்றாக ஆறியபிறகு ஜாடிகளில் அடைத்தேன். இடவப்பாதி மழை வந்தால் எதையும் வெயிலில் காட்ட முடியாது, அதற்குள் முடித்ததில் நிம்மதி. பெரிய ஜாடி ஓணத்துப் பிரதமன் பாயசத்துக்கு. சின்னது பொள்ளாச்சி நாத்தனாருக்கு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.