மதில் போனது... பெயர் நின்றது!

பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களைப் பாரிஸின் தெருப் பலகைகள் நன்றாகவே குழப்பும். ஒரு பலகையில் 'ரூ', அடுத்ததில் 'புல்வார்'. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்குத் தெரு, இன்னொன்றுக்குச் சாலை. 'ஃபோபூர்', 'பான்லியு' இரண்டுக்குமோ 'புறநகர்' என்றே பொருள்! எதை எங்கே சொல்வது? ஒரே ஒரு தெருவில் நடந்தால் விளங்கிவிடும்.

நகரின் பழைய பகுதியில் இருக்கிறது 'ரூ சேன் தெனி'. இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருக்கியடிக்கும் ஊர்த்தெரு. அதுதான் 'ரூ'. வடக்கே போகப் போக, பிரமாண்டமான கல் வளைவு ஒன்று எதிரே நிற்கும். பதினான்காம் லூயியின் போர் வெற்றிகளைக் கொண்டாட 1672-ல் எழுப்பிய 'போர்த் சேன் தெனி' அது. 'போர்த்' என்றால் வாசல்.

ஒரு காலத்தில் நகரின் மதில் இங்கேதான் இருந்தது. இனி எதிரி பயம் இல்லை என்று 1670-ல் அதை இடிக்கச் சொன்னார் லூயி. அந்த இடத்தில் மரங்கள் சூழ்ந்த அகலமான உலாப்பாதை வந்தது. அதுதான் 'புல்வார்'. கோட்டை அரணைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். வளைவை ஒட்டிக் குறுக்கே ஓடும் சாலை இன்றும் புல்வார்தான்.

பேச்சிலும் வேறுபாடு உண்டு. ரூவில் நடப்பவர் தெருவுக்கு 'உள்ளே' நடக்கிறார்: 'தான் லா ரூ'. புல்வாரில் நடப்பவர் அதன் 'மேலே' நடக்கிறார்: 'சூர் லெ புல்வார்'. வீடுகளுக்கு உள்ளே, அரணுக்கு மேலே என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

வளைவைத் தாண்டியதும் அதே தெருவின் பெயர் 'ரூ து ஃபோபூர் சேன் தெனி' என்று நீள்கிறது. ஃபோபூர் என்றால் மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர். நகரம் வளர்ந்து அதை விழுங்கிவிட்டது. மதில் போய் 350 ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. இன்றைய புறநகருக்கு 'பான்லியு' என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால், நகருக்குள்ளேயே இருக்கும் கடையைத் தேடி ஊர் எல்லைக்குப் போக வேண்டியதுதான்!

மெட்ரோவில் வருபவர்கள் 'ஸ்ட்ராஸ்பூர் சேன் தெனி' நிலையத்தில் இறங்கினால் வளைவு பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து ஃபோபூர் வழியே அரை மணி நேரம் நடந்தால் லா ஷப்பல். திடீரென்று தமிழில் கடைப் பலகைகள், தோசை வாசனை, கண்ணாடிக்குப் பின்னால் பட்டுப் புடவைகள்! போரால் ஊரை விட்டு வந்த ஈழத் தமிழர்கள் கடை கடையாக வளர்த்த பகுதி இது. வாசலுக்கு வெளியே வந்து சேர்ந்தவர்களின் தெரு என்ற பழைய பொருளை, ஃபோபூர் இங்கே இன்னும் விட்டுவிடவில்லை.