உச்சிப்படியில் ஒரு கடிதம்

திரைப்பாட்டைப் பற்றி ஒரு மௌலவி எழுதலாமா என்று வாசக அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். இசை ஆகுமா, ஆகாதா என்னும் சட்டப் பிரச்சினைக்குள் நாம் இங்கே புகவில்லை. 1987ஆம் ஆண்டின் இந்திப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற ஒரு பாட்டு நம்மை என்ன செய்தது என்று சொல்லவே எழுதுகோல் எடுத்தோம்.

அப்போது நாம் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் ஓதிக்கொண்டிருந்தோம். கிதாபு அரபியில், விளக்கம் உர்துவில். தஞ்சைச் சீமையிலிருந்து சென்ற நமக்கோ உர்து செவியில் விழுந்தது, கருத்தில் ஏறவில்லை. மத்ரஸாவுக்கு எதிரில் ஒரு தேநீர்க் கடை. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கே இலங்கை வானொலியின் ‘கீத்மாலா’ ஒலிக்கும். இஷாத் தொழுகை முடிந்ததும் சன்னலோரம் கிதாபை விரித்துக்கொண்டு, செவியை வீதிக்கு அனுப்பிவிடுவோம்.

பாட்டுகளைவிட அறிவிப்பாளர் அமீன் சயானியே நமக்கு முக்கியமானவர். சகோதரிகளை முதலில் விளித்து, பின்னரே சகோதரர்களை விளிப்பார். வரிசையின் இடங்களைப் ‘பாய்தான்’, அதாவது படி, என்பார். ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்கு வருவார். எளிய ஹிந்துஸ்தானியைப் பரப்ப ‘ரஹ்பர்’ என்னும் இதழை நடத்திய குல்சூம் சயானியின் மகன் அல்லவா! உஸ்தாதிடம் விளங்காத சொற்கள் அவரிடம் விளங்கின. உஸ்தாது ஹயாத்தாக இருந்தவரை இதை அவரிடம் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை.

1952 டிசம்பரில் தொடங்கியபோது அது தரவரிசையே அன்று. ஏழு பாடல்களை முன்பின்னாக ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதுமாறு நேயர்களைக் கேட்டார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்தன. அகில இந்திய வானொலி அந்நாளில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்ததால்தான் கொழும்பை நோக்கி இத்தனை செவிகள் திரும்பின. பின்னர் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு வரிசை வகுத்தார்கள். நாம் அக்கணக்கில் இல்லை. இசைத்தட்டும் வாங்கியதில்லை, ஓர் அஞ்சலட்டையும் போட்டதில்லை.

அவ்வாண்டு உச்சிப்படியில் நின்றது பங்கஜ் உதாஸ் பாடிய ‘சிட்டி ஆயீ ஹை’. கடிதம் வந்திருக்கிறது என்பது பொருள். செல்வம் தேடிக் கடல் கடந்தவனை வீட்டார் திரும்பிவரச் சொல்லும் பாட்டு. முதலிடம் என்பது விற்பனைக்குச் சான்று, உள்ளத்துக்குச் சான்று அன்று என்பதே நம் எண்ணம். அவ்வாண்டு மட்டும் இரண்டும் ஒத்துப்போயின. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் வடக்கிலும் அத்தனை இருந்தன போலும்.

ஓர் உர்துப் பாட்டு அடிமுதல் முடிவரை நமக்கு விளங்கியது அதுவே முதல் தடவை. விளங்காமலே இருந்திருக்கலாம். அத்தா அப்போது குவைத்தில் இருந்தார். ஏழாண்டுகளில் இருமுறையே ஊர் வந்திருந்தார். அன்றிரவே, ‘போதும் அத்தா, வந்துவிடுங்கள்’ என்று எழுதி உறையும் ஒட்டினோம். சுபுஹுக்கு எழுந்தபோது லாத்தாவின் திருமணக் கடன் நினைவுக்கு வந்தது. கிழித்துவிட்டு வழக்கமான மடலையே அனுப்பினோம்.

1990இல் ஈராக் படையெடுப்புக்குப் பின்னர், அம்மான் வழியாக, ஒரே ஒரு கைப்பெட்டியுடன் அத்தா வந்து சேர்ந்தார். கிழித்த கடிதத்தைப் பற்றி அவரிடமும் நாம் சொல்லவில்லை.

2024 பிப்ரவரி 20இல் அமீன் சயானி காலமானார்; ஆறு நாள் கழித்துப் பங்கஜ் உதாஸும். செய்தி கண்ட அன்று, மர்ஹூம் அத்தாவின் அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தோம். பாலைவழியிலும் கைவிடாமல் கொண்டுவந்த நம்முடைய மடல்கள் நூலால் கட்டப்பட்டுக் கிடந்தன. எல்லாமே, ‘இங்கு யாவரும் நலம்’ என்றே தொடங்கின.