பேறு பார்க்கும் கைகளுக்கு என்ன கூலி?

பேறுகாலம் பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் மூத்தோர். அம்மறுபிறவியின் வாயிலில் தாயின் கையைப் பற்றி நிற்பவள் பேறுகாலச் செவிலி. அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தொண்டு, தியாகம், அர்ப்பணம் என்னும் சொற்கள் தாமாகவே நம் நாவில் வந்து அமர்கின்றன. ஆனால் மாதந்தோறும் அவள் என்ன பெறுகிறாள், படிப்புக்குப் பட்ட கடனை எத்தனை ஆண்டில் அடைக்கிறாள், அவளது வேலை நிலையானதா என்னும் கேள்விகளை நாம் கேட்பதில்லை. கேட்டால் தொண்டின் மாண்பு குறைந்துவிடுமோ எனக் கூசுகிறோம். அக்கூச்சத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, இப்பொருளைக் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

நாங்கள் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும். எங்கள் இளைய மகள் மூன்றாண்டுச் செவிலியர் கல்வி பயின்றவள். அதனாலேயே ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தவுடன் எங்கள் பங்கைச் சேர்ந்த பெற்றோர் சிலர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவர். "சாரே, பிள்ளைய நர்ஸிங்குக்கு விட்டா கடன் தீருமா?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. கடல் தொழிலில் வருவாய் குறைந்தவர், இரப்பர் பால் வெட்டுபவர், கொத்தனார் எனப் பலரும் இதே கேள்வியோடுதான் வருகின்றனர். அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் பாட்டியின் காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு வயிற்றாட்டி இருந்தாள். இரவோ மழையோ, அழைத்தவுடன் வருவாள். அவளுக்குக் கிடைத்ததோ சிறிது நெல், ஒரு முண்டு, தலைக்கு எண்ணெய். வீட்டார் மனம்போல் அளந்து கொடுத்ததே அவளுக்குரிய ஊதியம். இவ்வளவு வேண்டும் எனக் கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. இந்நிலைமை முற்றிலும் மாறிவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி பெற்ற செவிலியர் நம் மண்ணுக்குப் புதியவர் அல்லர். நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையாரின் கேதரின் பூத் மருத்துவமனை நூறாண்டைக் கடந்து நிற்கிறது. நம் பகுதி திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாட்களில், 1916ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து திரும்பிய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் பொறுப்பேற்று, ஊர் மருத்துவச்சியரின் மக்களுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். 1938இல் அவர் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாகவும் உயர்ந்தார்.

நம் திருச்சபையிலும் இப்பணிக்கு ஒரு வரலாறு உண்டு. துறவற சபைச் சகோதரியர் பேறு பார்ப்பது முறையன்று என்னும் தடை நெடுங்காலம் நிலவியது. தாய்மார் மருத்துவமின்றி இறப்பதைக் கண்ணுற்ற மறைபரப்பு மருத்துவர்கள் பலமுறை உரோமையிடம் மன்றாடினர். அதன்பின்னரே 1936 பிப்ரவரி 11 அன்று விசுவாசப் பரப்புதல் பேராயம் அத்தடையை நீக்கி, சகோதரியர் மகப்பேற்று மருத்துவமும் செவிலியப் பணியும் கற்க வழி திறந்தது. பேறு பார்த்தல் தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் அன்றே விடைபெற்றிருக்க வேண்டும்.

இனிப் படிப்பின் வகைகளைக் காண்போம். இரண்டாண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி ஒன்று, மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு மற்றொன்று, நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங் இன்னொன்று. பட்டயமோ பட்டமோ பெற்றவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலில் செவிலி எனவும் பேறுகாலச் செவிலி எனவும் இரு தகுதிகளோடு பதிவு பெறுகின்றார். துணைச் செவிலியர் பயிற்சியை முடித்தவரே நம் சிற்றூர்களில் கர்ப்பிணிகளைப் பெயர் சொல்லி அழைத்துச் சோதித்துவரும் கிராம சுகாதாரச் செவிலியராகின்றார்.

கிராம சுகாதாரச் செவிலியர் பணி நிலையான அரசுப் பணி. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2023ஆம் ஆண்டில் இத்தகைய 2,250 இடங்களுக்கு விண்ணப்பம் கோரியபோது ஊதிய விகிதம் 19,500 முதல் 62,000 ரூபாய் வரை என அறிவித்தது. அகவிலைப்படி முதலியன இதன் மேல் சேரும். எய்ம்ஸ் போன்ற நடுவண் அரசு மருத்துவமனைகளில் செவிலியர் அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். ஆயினும் பட்டயம் மட்டும் பெற்றவர் அத்தேர்வை எழுதுவதற்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் ஈராண்டு அனுபவம் வேண்டும். இதைப் பெற்றோர் நினைவிற் கொள்க. கீழே மீண்டும் இதைச் சொல்வோம்.

அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தால் கவலை தீர்ந்தது என்று எண்ணவும் இயலாது. 2015இல் தேர்வு வாரியத்தின் வழியாக எடுக்கப்பட்ட பல்லாயிரம் செவிலியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய் மட்டுமே. ஈராண்டில் நிரந்தரமாவோம் என நம்பியிருந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் வேலைநிறுத்தத்தில் அமர நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் அழைக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022ஆம் ஆண்டின் இறுதி நாளோடு முடிக்கப்பட்டது. அவர்களுக்கு 18,000 ரூபாயில் வேறு தற்காலிகப் பணி தருவதாகப் பின்னர் அரசு கூறிற்று. நோய்த் தொற்றுக் காலத்தில் கைதட்டிப் போற்றிய நாம், அவர்கள் தெருவில் அமர்ந்தபோது எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்?

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி எங்கள் வீட்டு அனுபவத்தையே கூறலாம். எங்கள் மகள் 2014இல் படிப்பை முடித்து நம் மாவட்டத்துத் தனியார் மருத்துவமனையொன்றில் பிரசவப் பிரிவில் சேர்ந்தாள். மாதம் 6,500 ரூபாய். இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரம். சேர்ந்த அன்றே மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டனர். ஈராண்டுக்கு முன் விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என ஒரு தாளில் கையொப்பமும் பெற்றனர். வங்கிக் கல்விக்கடனின் மாதத் தவணை அவளுடைய ஊதியத்தில் பாதிக்கு மேல் விழுங்கிற்று. விடுதிக்கும் பேருந்துக்கும் போக எஞ்சியது ஒன்றுமில்லை. ஒரே இரவில் நான்கு குழந்தைகளைக் கையில் ஏந்தியவள், விடிந்ததும் பேருந்துக் கட்டணத்திற்கு எங்களிடம் கேட்க நேர்ந்தது. அவள் ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. ஆனால் "அம்மா, நான் படிச்சது வேலைக்கா, அடைமானத்துக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்து சான்றிதழ்கள் கைக்கு வந்தபின் அவள் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரத்து மருத்துவமனையொன்றில் சேர்ந்தாள். எல்லையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. அதே வேலை, அதே பிரசவ அறை. ஆனால் அங்கே நிலைமை வேறாக மாறிக்கொண்டிருந்தது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் கேரளத்துச் செவிலியர் ஒன்றுதிரண்டு குறைந்த ஊதியத்தையும் பிணைப்பத்திர முறையையும் எதிர்த்துப் போராடியிருந்தனர். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பேரில் ஒரு குழு அமைந்தது. 50 படுக்கைக்கு உட்பட்ட மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது எனவும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு ஈடான ஊதியம் தர வேண்டும் எனவும் அக்குழு பரிந்துரைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. கேரளம் 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்த அளவு அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என அறிவிக்கை வெளியிட்டது. படுக்கை எண்ணிக்கைக்கேற்ப மேற்படியும் உண்டு. நிர்வாகங்கள் நீதிமன்றம் வரை சென்றும், எங்கள் மகளின் ஊதியச் சீட்டு அவ்வாண்டிலேயே மாறிற்று. இருந்தும் கல்விக்கடன் முழுவதும் அடைந்தது 2021இல்தான். படிப்பு மூன்றாண்டு, கடன் ஏழாண்டு.

வெளிநாடு சென்றால் எல்லாம் சரியாகும் என்பது நம் மாவட்டத்தில் வேரூன்றிய நம்பிக்கை. வளைகுடா நாடுகளில் நம் பெண்கள் நல்ல ஊதியம் பெற்று வீடுகட்டி, தம்பி தங்கையரைக் கரையேற்றியது மெய்தான். அதே வேளை, இலட்சக்கணக்கில் பணம் பறித்த தரகர்களும் பலர் இருந்தனர். அதனாலேயே குடியகல்வு அனுமதி வேண்டிய 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு முகவாண்மைகளின் வழியாகவே அனுப்ப வேண்டுமென நடுவண் அரசு 2015இல் விதித்தது. தமிழ்நாட்டில் அப்பணியைச் செய்வது 1978இல் தொடங்கப்பெற்ற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 2014 சூலையில் ஈராக்கின் திக்ரித் நகரப் போர்க்களத்திலிருந்து 46 இந்தியச் செவிலியர் மீண்டு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கடன் அடையாமல் திரும்பிவர இயலாதே என்ற அச்சம் அவர்களுள் பலருக்குக் குண்டுகளைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. இன்னொன்றும் அறிக: பிரிட்டனில் செவிலியர் பதிவு வேறு, பேறுகாலச் செவிலியர் பதிவு வேறு. நம் பெண்கள் பெரும்பாலும் அங்குச் செவிலியராகவே பதிவு பெறுகின்றனர். பேறு பார்க்கக் கற்ற திறம் கடல் கடந்தபின் பயன்படாமற் போவதும் உண்டு.

பேறுகாலப் பணிக்கென்றே இங்கு எதிர்காலம் உண்டா? தமிழ்நாட்டில் 2019–21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பேறுகளில் 99க்கு மேல் மருத்துவமனையில் நடந்தன. இது பெருமைக்குரியது. ஆனால் அவற்றுள் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை. பிறப்பும் குறைந்து வருகிறது. அறுவை பெருகப் பெருக, தாயின் அருகில் பொறுமையோடு அமர்ந்து இயல்பான பேற்றுக்கு வழிகாட்டும் கலை சுருங்குகிறது. இதை உணர்ந்தே நடுவண் அரசு 2018இல் பேறுகாலச் செவிலியப் பணிக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியருக்கு 18 மாதத் தனிப்பயிற்சி அளித்து, சிக்கலற்ற பேறுகளைத் தாமே பொறுப்பேற்று நடத்தச் செய்வது அதன் நோக்கம். தெலங்கானா 2017லேயே இதற்கு வழிகாட்டிற்று. உலகில் ஒன்பது இலட்சம் பேறுகாலச் செவிலியர் குறைவாக உள்ளனர் என 2021ஆம் ஆண்டின் உலக அறிக்கை கூறுகிறது. தேவை இருக்கிறது. அதற்கேற்ற பதவியும் ஊதியமும் வகுக்கப்படுவதைப் பொறுத்தே எதிர்காலம் அமையும்.

ஆகவே, எம் திண்ணைக்கு வரும் பெற்றோருக்குச் சொல்வது இதுதான். பள்ளியைச் சேருமுன் அது கவுன்சிலின் ஒப்புதல் பெற்றதா எனக் கேளுங்கள். தன் சொந்த மருத்துவமனையில் மாணவியர் உண்மையாகவே பேறு பார்க்கின்றனரா எனக் கேளுங்கள். கடன் வாங்குமுன், முதல் மூன்றாண்டின் ஊதியம் பத்தாயிரத்தைத் தாண்டாவிட்டால் தவணையை யார் கட்டுவது எனக் கணக்கிடுங்கள். மூலச் சான்றிதழை எவரிடமும் அடகாக விடாதீர்கள். படியும் கையொப்பமும் போதும். 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் அனுபவம் பெற்று, அதற்கான சான்றை எழுத்தில் வாங்கி வையுங்கள். முன்னர்ச் சொன்ன நடுவண் அரசுத் தேர்வுக்கும் அயல்நாட்டு வேலைக்கும் அதுவே பெருந்துணை.

நிர்வாகங்களுக்கும், குறிப்பாக நம் சமயத்தார் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் ஒரு சொல். தொழிலாளிக்கு நேர்மையான ஊதியம் தருவது இரக்கமன்று, நீதி என்பதைப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் உலகிற்கு உணர்த்தினார். தொண்டு என்னும் சொல் செவிலி தன் உள்ளத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. அதை ஊதியத் தாளில் எழுதி ரூபாயைக் குறைக்க எவருக்கும் உரிமையில்லை. மே 5ஆம் நாளைப் பேறுகாலச் செவிலியருக்கும், 12ஆம் நாளைச் செவிலியர் அனைவருக்கும் உரியதாக உலகம் கொண்டாடுகிறது. அந்நாளில் ஒரு மலர் கொடுக்கிறோம், கொடுக்கட்டும். ஆனால் அம்மாதம் முதல் தேதியன்று அவள் கையில் என்ன வைத்தோம் என்பதே கடவுளின் முன் நாம் சொல்ல வேண்டிய கணக்கு.

கடன் தீருமா எனக் கேட்கும் தந்தைக்கு நாங்கள் இல்லை என்று சொல்வதில்லை. தீரும்; ஆனால் நாம் எண்ணியதைவிடத் தாமதமாகத் தீரும். அத்தாமதத்திற்குக் காரணம் பெண் பிள்ளையின் திறமைக்குறைவன்று, நம் சமுதாயம் அவள் கைக்குக் கட்டிய விலையே. வயிற்றாட்டிக்கு நெல்லளந்த கை இன்னும் அதே சிறுபடியைத்தான் பிடித்திருக்கிறது. அப்படியை மாற்றுவது நம் கடமை.