பறக்குமுன் படிக்கும் ஏடு

ஆகாய விமானத்தில் பயணம் செய்வோர் பலர். விமானியின் அறையில் இருக்கும் ஓர் ஏட்டைப் பற்றிக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. ஒரு விமானத்திற்கு உண்டாகும் நோயும், அதற்குச் செய்த மருந்தும் நாள்தோறும் எழுதப்பெறும் பதிவேடு அது. 'டெக்னிக்கல் லாக்' என்று அத்தொழிலோர் அதனை வழங்குவர்.

என் தங்கையின் மகன் விமானங்களைப் பழுது பார்க்கும் பணியில் இருப்பவன். 35 ஆண்டுகள் மாணாக்கர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திப் பழகிய எனக்கு, அவன் தொழிலில் வேறு எதனினும் இவ்வேடே வியப்பளித்தது. அதன் முறையை அவனிடமே கேட்டறிந்தேன். வானில் ஒரு குறையைக் கண்ட விமானி, தரையிறங்கியதும் அதனைப் பக்கத்தின் ஒருபுறம் எழுதுகின்றார். பொறியாளர் அதனைப் படித்து, ஆராய்ந்து, தாம் செய்ததை எதிரே எழுதிக் கையொப்பம் இடுகின்றார். அடுத்துப் பறக்க வரும் விமானி இரண்டையும் படித்துத் தெளிந்து, விமானத்தை ஏற்றுக்கொண்டதாகத் தாமும் கையொப்பம் இடுகின்றார். புறப்படுமுன் அப்பக்கத்தின் படி ஒன்று தரையிலேயே விடப்படும். ஏன் தெரியுமா? விமானத்தோடு ஏடும் அழிய நேரினும், எழுதியது அழியலாகாது என்பதற்காக! இக்காலத்தில் சில நிறுவனத்தார் தாளை விடுத்து மின்னணுப் பலகையில் எழுதுகின்றனர். முறை மட்டும் மாறவில்லை.

எல்லாக் குறைகளும் உடனே தீர்க்கப்படுவன அல்ல. பறத்தலுக்கு ஊறு செய்யாத சிலவற்றை, அவற்றின் வகைக்கேற்ப 3 நாள், 10 நாள், 120 நாள் எனத் தவணையிட்டு ஒத்திவைக்க விதி இடந்தருகின்றது. அங்ஙனம் ஒத்திவைத்தது இன்னதென்பதையும் விமானி அறிந்த பின்னரே புறப்படல் வேண்டும்.

இவ்வேட்டில் எழுதாது விட்ட ஒரு செய்தியால் என்ன நேரக்கூடும் என்பதற்கு, இந்தோனேசியாவில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறுகின்றேன். ஆண்டு 2018, அக்டோபர்த் திங்கள். 'லயன் ஏர்' நிறுவனத்தின் போயிங் 737 மாக்ஸ் விமானம் ஒன்று, அந்நிறுவனத்திடம் வந்து மூன்று திங்களும் நிறையாதது. அதில் வேகமும் உயரமும் காட்டும் முகப்பில் சில நாளாகப் பிழை தோன்றியது. 28-ஆம் நாள், பாலித் தீவின் டென்பசார் நகரில், விமானம் எதிர்க்காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கின்றது என்று அளக்கும் இடப்புறக் கருவியை மாற்றினர். மாற்றிப் பொருத்திய கருவியோ புதியதன்று. வேறோரிடத்தில் பழுது பார்க்கப்பெற்றது. ஏறத்தாழ 21 பாகை தவறாகக் காட்டுவது. அத்தவற்றை அப்பொழுது எவரும் அறிந்திலர்.

அன்றிரவு ஜகார்த்தாவிற்குப் புறப்பட்ட தலைமை விமானியிடம், கருவி மாற்றப்பட்டது, சோதிக்கவும் பட்டது என்று பொறியாளர் நேரிற் கூறினார். விமானம் நிலத்தை விட்டு எழும்போதே விமானியின் கைப்பிடி நடுங்கலாயிற்று. சிறகு தாங்கும் வலியிழந்து விமானம் விழப்போகின்றது என எச்சரிக்கும் நடுக்கம் அது. உண்மையில் விமானம் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. பொய்க்கோணம் பொய்யச்சத்தை எழுப்பிற்று. அம்மட்டோ! தானே இயங்கும் ஓர் அமைப்பு அப்பொய்யை நம்பி, விமானத்தின் மூக்கைக் கீழ்நோக்கித் தள்ளத் தொடங்கியது. 'எம்காஸ்' எனப்படும் அவ்வமைப்பு ஒன்று உண்டு என்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. தலைமை விமானி தம் பக்கத்துக் கருவிகளே தவறென்று தெளிந்து, ஓட்டும் பொறுப்பைத் துணை விமானியிடம் தந்தார். வாற்சிறகைத் திருப்பும் மின்னாற்றலைச் சுவிட்சினால் துண்டித்தார். கைப்பிடி நடுங்க நடுங்கவே விமானம் ஜகார்த்தா சேர்ந்தது. அனைவரும் நலமே இறங்கினர்.

பின்னர் அவர் ஏட்டைத் திறந்தார். வேகமும் உயரமும் இருபுறக் கருவிகளில் ஒவ்வாது காட்டுகின்றன என்று எழுதினார். எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்ததையும் எழுதினார். கைப்பிடி வழிநெடுக நடுங்கியதை எழுதவில்லை. சுவிட்சைத் துண்டித்தே விமானத்தை அடக்கியதையும் எழுதவில்லை.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலார் தொகுத்தனர். அவற்றுள் முதலில் நிற்பது குன்றக் கூறல். சொல்லப் புகுந்த பொருளை நிரம்பச் சொல்லாது விடுதல். வகுப்பறையில் இக்குற்றத்திற்கு இரண்டு மதிப்பெண் குறைத்து மேற்செல்வது என் வழக்கம். ஜகார்த்தாவில் எழுதிய அவ்வரிகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும், நோயை அறிவதற்கு மிக வேண்டிய குறி அவற்றில் இல்லை.

அவ்வூர்ப் பொறியாளர் என் செய்வார்? ஏட்டில் கண்டதற்கே மருந்து தேடினார். காற்றழுத்தம் அறியும் பகுதியைத் தூய்மை செய்தார், மின்னிணைப்பு முனை ஒன்றைத் துடைத்தார், தரையில் சோதித்தார், செம்மையாக இருந்தது, கையொப்பம் இட்டார். நடுக்கம் என்ற ஒரு சொல் அவர் கண்ணிற் பட்டிருப்பின், அவர் எண்ணம் வேறு வழியிற் சென்றிருக்கக் கூடும். இதனை என் மருகனிடம் கூறியபோது, "மாமா, பகலாயின் விமானி இறங்கிப் போகுமுன் ஓடிச்சென்று நாலு கேள்வி கேட்டுவிடுவேன், நள்ளிரவில் எழுதியவர் உறங்கப் போய்விடுவார், ஏடு மட்டுமே இருக்கும்" என்றான்.

மறுநாள் 29-ஆம் தேதி, காலை 6.20 மணிக்கு, வேறு விமானிகளுடன் அவ்விமானம் பங்கல் பினாங் நகர் நோக்கிக் கிளம்பிற்று. அதில் இருந்தோர் 189 பேர். அதே நடுக்கம், அதே தள்ளுதல். மூக்கு தாழத் தாழ விமானி உயர்த்தினார். இருபதுக்கும் மேற்பட்ட முறை இப்போராட்டம் நிகழ்ந்தது. முந்திய இரவில் ஒருவர் கண்டுபிடித்த வழி இவர்களை வந்து எட்டவில்லை. ஏறத்தாழ 12 நிமிடங்களில் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. ஒருவரும் பிழைத்திலர்.

இந்தோனேசிய அரசின் ஆய்வுக் குழு 2019 அக்டோபரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. விபத்திற்குத் துணையாய காரணங்கள் ஒன்பதை அக்குழு எண்ணியது; ஏட்டில் அந்நடுக்கம் எழுதப்படாமை அவற்றுள் ஒன்று. ஆயினும், அத்தலைமை விமானியின் மேல் பழி முழுவதையும் சுமத்த என் மனம் ஒருப்படவில்லை. களைத்த கை எழுதிய சில வரிகளின் குறை அவருடையது. எம்காஸ் என்ற பெயரையே கையேட்டில் எழுதாது விட்டவர்களோ, மேசை முன் அமர்ந்து, வேண்டிய காலம் எடுத்துக்கொண்டு எழுதியவர்கள். குன்றக் கூறலில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இதனையே பெரிதென்பேன்.

2019 மார்ச்சு 10-ஆம் நாள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் மற்றொன்று வீழ்ந்து 157 பேர் மாண்டனர். அதன் பின்னரே உலகெங்கும் அவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. அமெரிக்க அரசு அவற்றை மீண்டும் பறக்க விட்டது 2020 நவம்பரில். எம்காஸ் இப்பொழுது ஒரு கருவியை மட்டும் நம்புவதில்லை. இருபுறக் கோணக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றது. அவ்விமானத்தை ஓட்டுவோரின் கையேட்டிலும் அதன் பெயர் ஏறிவிட்டது.