ஆயிரம் படமும் ஒரு பெயரும்

மலர்க் குழுவில் என்னைச் சேர்த்தபோது கவிதை எழுதச் சொல்வார்கள் என்று பேனாவோடு போனேன். கையில் கொடுத்ததோ ஒரு பென் டிரைவ்! "மச்சான், ஸ்போர்ட்ஸ் டே, என்.எஸ்.எஸ். கேம்ப், இண்டஸ்ட்ரியல் விசிட் எல்லாம் இதுல இருக்கு. சைஸைக் குறைச்சு, பேரை மாத்திக் குடுத்துடுடா" என்றான் செயலாளர். திறந்தால் 1,164 புகைப்படங்கள்! ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஏறத்தாழ 39 மணி நேரம். செமஸ்டர் பரீட்சை என்னாவது?

நண்பர்களே! ஒரே துளையை நூறு துண்டில் போட நாம் நூறு முறை மார்க்கிங் செய்வதில்லை. ஒரு ஜிக் செய்துகொள்கிறோம். புகைப்படத்துக்கும் ஜிக் உண்டு. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஷ்கிலியான் 1996இல் வெளியிட்ட இர்ஃபான்வியூ அப்படி ஒன்று. படிப்புக்கும் சொந்த உபயோகத்துக்கும் காசு கிடையாது. அதில் 'பி' விசையைத் தட்டினால் அளவு மாற்றுவது, பெயர் மாற்றுவது இரண்டையும் மொத்தமாகச் செய்யும் பகுதி திறக்கும். லினக்ஸ்காரர்களுக்கு இமேஜ்மேஜிக் இருக்கிறது.

ஜிக் தப்பானால் நூறு துண்டும் ஸ்கிராப்! ஆகவே முதல் விதி: மூலப் படங்களைத் தொடாதே, நகல் வேறு ஃபோல்டரில் விழட்டும். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளைக்கு வேறு இடம் காட்டாவிட்டால், மூலத்தின் மேலேயே எழுதிவிடும்.

அளவுக்கு வருவோம். 4000க்கு 3000 பிக்சல் படத்தை 1600க்கு 1200 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால் 5.3 அங்குல அகலம் வரும். மலரில் அரைப்பக்கத்துக்கு அது போதும். நீளமான பக்கத்துக்கு மட்டும் அளவு கொடுங்கள், மற்றது விகிதப்படி தானே வரும். இரண்டையும் நாமே திணித்தால் பிரின்சிபால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்!

அடுத்து பெயர். பல கேமராக்கள் நாலு எழுத்து, நாலு எண் என்றுதான் பெயர் வைக்கும். 9999 முடிந்தால் மறுபடி 0001. மூன்று பேர் கேமராவை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் மூன்று படம் மோதும். வருடம், மாதம், தேதி, நிகழ்ச்சி, வரிசை எண் என்று பெயர் வைத்தால் தானாக நாள்வாரியாக அடுக்கிக்கொள்ளும். 1, 2 என்று போடாமல் 0001, 0002 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் 2க்கு முன்னால் 10 வந்து நிற்கும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் குறிப்பாக இருக்கும்; மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். அரட்டைச் செயலியில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்தக் குறிப்பு அழிந்துபோகலாம், அளவும் குறையலாம். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? இந்த வருடம் எங்கள் ஒர்க்‌ஷாப் அட்டெண்டர் அண்ணன் ரிட்டயர் ஆனார். வேலை நடக்கும் நேரத்தில் அவரை யாரும் தனியாகப் படம் எடுத்ததில்லை. "தம்பி, வீட்டுல மாட்டுறதுக்கு லேத் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குமாப்பா?" என்று கேட்டார். ஆயுத பூஜை தேதியைத் தேடினேன். குரூப் போட்டோ ஒன்றின் ஓரத்தில், லேத்தில் கை வைத்தபடி நின்றிருந்தார்! மூலப் படத்தில் அவர் மட்டும் 1200 பிக்சல் அகலம். வெட்டி எடுத்தால் 4 அங்குலத்துக்குத் தெளிவாக வரும். சுருக்கிய நகலில் அதுவே 480 பிக்சல், 1.6 அங்குலம்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சரி, சட்டம் போட்டு மாட்ட முடியுமா?

மலருக்காக, "அண்ணே, உங்க முழுப் பேரு என்ன?" என்றேன். மூன்று வருடமாக எங்களுக்கு அவர் 'அண்ணே' மட்டும்தான். "அதெல்லாம் எதுக்குப்பா?" என்று கூச்சப்பட்டவர், பிறகு இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

தேதியையும் எண்ணையும் எந்திரம் போட்டுவிடும். படத்தில் நிற்பவர் யார் என்பதை, கேட்டுத் தெரிந்துகொண்டு நாம்தான் எழுத வேண்டும். டைட்டில் பிளாக் இல்லாத டிராயிங் ஷீட்டுக்கு மார்க் உண்டா? இறுதியாண்டு நண்பர்களே, கல்லூரியை விட்டுப் போகுமுன் உங்கள் படங்களுக்கும் ஒரு டைட்டில் பிளாக் போட்டுவிடுங்கள்!