ஓடும்போதே அளக்கும் எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது யாவரும் அறிந்த வழக்கம். என் பழைய புரோட்டோன் வீராவின் தானியங்கி கியர்பெட்டிக்கு அவ்வழக்கம் பொருந்தாது.

எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்த உதவுவது கியர் எண்ணெய். அது குறைந்தால் எஞ்சின் இரையும், வண்டி தயங்கும். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் மலைச்சாலை வளைவில், பின்னால் லாரி வருகையில், அத்தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே ஜார்ஜ்டவுனைச் சுற்றிச் சற்று ஓட்டியபின், மாதம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்துவேன். கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, 'என்' நிலையில் விடுவேன். எஞ்சின் ஓடும்போதே அளவுக்கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகிப் பார்ப்பேன். நிறுத்திவிட்டால் எண்ணெய் கீழே வடிந்து, மட்டம் உயர்ந்ததுபோல் காட்டும்.

சூட்டுக்குரிய குறிக்குக் கீழே இருந்தால், கையேடு கூறும் வகையையே அளவுக்கம்பிக் குழாய்வழி சிறிது சிறிதாக ஊற்றுவேன். மிகுந்தால் நுரைக்கும். நல்ல எண்ணெய் செந்நிறமாய் இருக்கும். பழுப்பேறிக் கருகிய வாடை வீசினாலோ, அடிக்கடி குறைந்தாலோ பட்டறையை நாடுவதே முறை.

ஹோண்டா மகிழுந்துகள் பலவற்றில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். புதியவை பலவற்றில் அளவுக்கம்பியே கிடையாது. எனவே, முதலில் உங்கள் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள்.